60 மில்லி பால்: ஊட்டச்சத்து வார்டில் 16 நாட்கள்

அண்ணன் மகளை நீலகிரியில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் ஊட்டச்சத்து வார்டில் சேர்த்திருந்தோம். அண்ணி வேறோர் இடத்தில் சிகிச்சையில் இருந்ததால் துணைக்கு நான் 16 நாட்கள் தங்கினேன். எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து இனி யாராவது அங்கே போக நேர்ந்தால், முதல் இரவு நான் பட்ட பாட்டை அவர்கள் படக் கூடாது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு 14 மாதம், எடை 5.4 கிலோ. அங்கன்வாடி டீச்சர் மேல்கையில் நாடா சுற்றிப் பார்த்தபோது 10.8 சென்டிமீட்டர். 11.5-க்குக் கீழே இறங்கினாலே கடுமையான சத்துக் குறைவாம். அன்றைக்கே எங்களை பஸ் ஏற்றிவிட்டார்.

வார்டில் கொடுத்தது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 60 மில்லி பால், அவ்வளவுதான். எலும்பும் தோலுமாகக் கிடக்கும் பிள்ளைக்கு இது எந்த மூலைக்கு என்று இரவுப் பணியில் இருந்த சிஸ்டரிடம் சத்தம் போட்டேன். "டாக்டர் எழுதியது இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். யாருக்கும் தெரியாமல் பன்னைப் பாலில் நனைத்துக் கொடுக்கப் போனேன். பக்கத்துக் கட்டில் அம்மாதான் என் கையைப் பிடித்துத் தடுத்தார். இந்த வார்டின் பெரிய குறை இதுதான்: காரணத்தை முதல் இரவே சொல்வதில்லை.

காலையில் டாக்டர் அம்மா அருகில் உட்கார்ந்து விளக்கினார். பட்டினி கிடக்கும் உடம்பில் பொட்டாசியம், மக்னீசியம், பாஸ்பேட் என்ற தாது உப்புகள் மூன்றும் கரைந்து குறைந்துவிடுகின்றன. ஆனால் இரத்தத்தில் அளந்தால் சரியாக இருப்பது போலவே தெரியலாம். அப்போது திடீரென்று நிறையச் சாப்பாடு கொடுத்தால் இன்சுலின் சுரந்து சர்க்கரையை உயிரணுக்களுக்குள் தள்ளும். இரத்தத்தில் மிஞ்சியிருக்கும் அந்த மூன்றும் கூடவே உள்ளே போய்விடும். இரத்தத்தில் அவற்றின் அளவு சரிந்தால் இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சுவிடும் தசைகள் தளர்ந்துபோகும். பட்டினியைத் தாங்கிய குழந்தை சாப்பாடு கிடைத்த பிறகு இறந்துபோவதும் உண்டு என்றார். பன் பொட்டலத்தை அப்போதே வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அந்தப் பாலுக்கு எஃப்-75 என்று பெயர். 100 மில்லியில் 75 கலோரிதான், புரதம் ஒரு கிராம்கூட இல்லை. சோடியம் மட்டும் இந்தக் குழந்தைகளின் உடம்பில் தேங்கி நிற்குமாம். அதனால் வயிற்றுப்போக்கு வந்தாலும் கடையில் வாங்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலை அப்படியே கொடுப்பதில்லை, சோடியம் குறைத்துப் பொட்டாசியம் கூட்டிய கரைசல் தனியாக இருக்கிறது. நான் வாங்கிப்போன இரும்புச்சத்து டானிக்கையும் இப்போது கூடாது என்று எடுத்து வைத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் பாப்பா துவண்டாள், அழக்கூடத் தெம்பில்லை. பாஸ்பேட் பரிசோதனைக்கு இரத்தத்தை வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. மழையிலும் மூடுபனியிலும் வண்டி போய்த் திரும்பி, முடிவு கைக்கு வர இரவாகிவிட்டது. மலையில் இப்படி ஒரு வார்டு நடத்துபவர்கள் அந்தச் சோதனையை அங்கேயே செய்ய வழி செய்தாக வேண்டும். ஆனால் பகல் பணி சிஸ்டர் அந்த முடிவுக்காகக் கைகட்டி நிற்கவில்லை. நாடியும் மூச்சும் ஏறுவதை எண்ணிப் பார்த்துச் சொல்லி, மாலைக்குள் பாலின் அளவைக் குறைக்க வைத்தார். இரவில் முடிவு வந்தது, பாஸ்பேட் இறங்கித்தான் இருந்தது. உடனே மருந்து தொடங்கினார்கள். மறுநாள் மதியம் பாப்பா என் விரலைப் பிடித்து இழுத்தாள். அந்த சிஸ்டரை நான் மறக்கமாட்டேன்.

ஆறாம் நாள்தான் அதைவிடச் சத்து கூடிய எஃப்-100 பாலுக்கு மாற்றினார்கள், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. வீடு திரும்பும்போது எடை 6 கிலோ.

வார்டில் ஹீட்டர் உண்டு. குழந்தையை நெஞ்சோடு அணைத்து வைத்துக்கொள்ளவும் சொல்லிக்கொடுத்தார்கள். துணைக்கு இருப்பவர்களுக்குப் படுக்க ஒரு பெஞ்சுதான், குளியலறையில் வெந்நீர் வராது. கம்பளியும் பிளாஸ்க்கும் கொண்டுபோங்கள். பால் அட்டவணைத் தாள் கட்டிலின் கால்மாட்டில் தொங்கும். ஒவ்வொரு முறை பால் கொடுத்ததும் அதில் குறிக்கிறார்களா என்று பாருங்கள், புரியாவிட்டால் கேளுங்கள். பகலில் யாரைக் கேட்டாலும் பொறுமையாகச் சொல்கிறார்கள்.

15 நாளுக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு முறை போய்வந்துவிட்டோம். அடுத்த முறை அண்ணியே தூக்கிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.