பூர்வீக வீட்டைத் தேட அ-பதிவேடா, பழைய பத்திரமா?

கிராமத்தில் தாத்தா குடியிருந்த வீடு எது என்று தேடுகிறவர்கள் முதலில் ஓடுவது தாலுகா ஆபீசுக்கு. வயலுக்கு அது சரி. அ-பதிவேட்டில் (ஊர் நிலங்களைச் சர்வே எண் வாரியாகக் குறித்த வருவாய்த்துறைக் கணக்கு) பட்டாதாரர் பெயர் இருக்கும், 1979-87 யு.டி.ஆரில் (நிலப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டம்) சர்வே எண் மாறியிருந்தாலும் பழைய எண்ணைப் பிடித்துவிடலாம். வீட்டுக்கு அது உதவாது. பழைய கணக்கில் குடியிருப்புப் பகுதி மொத்தமும் ‘கிராம நத்தம்’ என்று போய்விடும், பெயர் இராது. மனை மனையாக அளந்து பெயர் ஏற்றியது பிற்பாடு நத்தம் நிலவரித் திட்டத்தில்தான். அதற்கு முன்பே ஊரை விட்டுப் போன குடும்பத்துக்கு அதிலும் தடயம் இல்லை.

ஊராட்சி வீட்டு வரிப் பதிவேட்டில் பெயர் இருக்கும். ஆனால் கதவு எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். பழைய புத்தகம் மிஞ்சியிருப்பதும் அபூர்வம்.

என் ஓட்டு பத்திரம் பதிவாகும் சார்பதிவகத்துக்கே. காரணம் ஒன்றுதான்: பத்திரத்தில் எழுதும் நான்கெல்லை, அதாவது மனையின் நாலு பக்கமும் என்ன இருக்கிறது என்ற விவரம். கணினி வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பெரும்பாலும் 1975-லிருந்துதான்; அதற்கு முந்தியதற்குத் தனியே மனுப் போட்டுப் புத்தகத்தில் தேட வேண்டும். சர்வே எண்ணை மட்டும் கொடுத்தால் நத்தத்துப் பத்திரம் எல்லாம் வந்து குவியும். பெயரும் தகப்பனார் பெயரும் சேர்த்துக் கொடுங்கள். அந்த வருஷத்தில் ஊர் எந்தச் சார்பதிவகத்தில் சேர்ந்திருந்தது என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தாத்தா எதையும் பதியாமலே இருந்திருக்கலாம். 100 ரூபாய்க்குக் குறைந்த மனை விற்பனைக்குப் பதிவு கட்டாயமில்லை. வாய்மொழிப் பாகப்பிரிவினை பதிவுக்கே வராது. வில்லங்கம் வெறுமையாக வந்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். அக்கம்பக்கத்தார் பத்திரங்களுக்கு நகல் கேட்டு மனுப் போடுங்கள். அவர்கள் எல்லையில் தாத்தா பெயர் வரும். இந்த வசதி வேறெந்தப் பதிவேட்டிலும் கிடையாது.

எல்லையைப் படிப்பதில்தான் பலர் சறுக்குவது. ‘முத்தையா வீட்டுக்கு மேற்கு, தெருவுக்கு வடக்கு’ என்றிருந்தால் முத்தையா வீடு கிழக்கே, தெரு தெற்கே. தலைகீழாகப் படித்தால் தெருவின் எதிர்ச்சிறகில் போய் நிற்பீர்கள். கோயில், பொதுக்கிணறு என்று இடம் மாறாத ஒன்றை எல்லையாகச் சொல்லும் பத்திரம் ஒன்று கிடைத்தால் போதும். அங்கிருந்து கிழமேல், தென்வடல் ஜாதியடிக் கணக்கைக் (பத்திரத்தில் எழுதும் அடி அளவு) கூட்டிக்கொண்டே மனை மனையாக நகரலாம். சந்து விட்டிருப்பார்கள், சுவரைத் தள்ளிக் கட்டியிருப்பார்கள். கணக்கு ஒன்றிரண்டு அடி உதைத்தால் கலங்க வேண்டாம்.

டவுன் சர்வே (நகர நில அளவை) முடிந்த ஊர்களுக்கு இந்த வாதத்தை அப்படியே நீட்டமாட்டேன். அங்கே வார்டு, பிளாக் வாரியாக மனைக்குத் தனி எண் உண்டு. நில அளவைப் பிரிவிலிருந்து தொடங்குவதே சுருக்கு வழி.