கறுப்புக் கேனா, ஆட்டுக்கிடையா, கரித்தூளா?

ராமநாதபுரம் கடற்கரையில், திருப்பாலைக்குடிப் பக்கம் மிளகாய் போடும் என் மச்சான் போன மாசம் ஐந்து லிட்டர் கேன் ஒன்றோடு வந்து இறங்கினார். ஹியூமிக் அமிலமாம். "மண்ணுல இருக்கிற கன உலோகத்தையெல்லாம் கட்டிப்போட்டுரும்னு சொல்லித் தந்தாங்க மாப்ள" என்றார். ஈயம், காட்மியம் மாதிரி உடம்புக்குக் கேடான உலோகங்களைச் சொல்கிறார்.

கட்டிப்போடும் என்பது பொய்யில்லை. பழுப்பு நிலக்கரியிலிருந்தும் மக்கிய பொருளிலிருந்தும் எடுக்கும் இந்தச் சரக்கில் உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் கார்பாக்சில், ஃபீனால் தொகுதிகள் ஏராளம். தாமிரத்தையும் ஈயத்தையும் இறுக்கிப் பிடிக்கும். காட்மியத்தில் பிடி தளர்வுதான்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கரில் மேல்மண் 15 செ.மீ. மட்டும் எடுத்தாலே சுமார் 900 டன். அதில் ஒரு கிலோ ஹியூமிக் போட்டால் பத்து லட்சத்தில் ஏறக்குறைய ஒரு பங்குதான் தேறும். தொட்டிச் சோதனைகளில் கிலோ மண்ணுக்குக் கிராம் கணக்கில் கலப்பார்கள். கிலோவுக்கு ஒரே ஒரு கிராம் என்று வைத்தாலும் ஏக்கருக்கு 900 கிலோ வேண்டும்! கேனில் வருவது அந்த வேலைக்கு எட்டாது. பக்கவேர் விடத் தூண்டும், வேர் தெம்பானால் செடி நெருக்கடியைக் கொஞ்சம் தாங்கும். டானிக் என்ற அளவில் சரி.

எங்கள் கரையில் இன்னொரு சிக்கலும் உண்டு. போர்த் தண்ணீர் உப்பும் கடினமுமாக இருந்தால், அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் ஹியூமிக்கைத் திரிய வைத்துவிடும். மச்சான் டேங்கில் கலந்தது அடியில் சேறு மாதிரி படிந்து, சொட்டுநீர்க் குழாயின் வாயை அடைத்துக்கொண்டது. விற்றவரிடம் கேட்டதற்கு, "நல்லாக் கலக்கணும் சார்" என்று பதில்.

ஃபுல்விக் அமிலம் என்று கூடுதல் விலையில் வருவது திரியாது. மூலக்கூறு சின்னது, எந்தத் தண்ணீரிலும் கரையும். அதனாலேயே உலோகத்தைத் தூக்கிக்கொண்டு வேர்வரை போகவும் வல்லது. துத்தநாகக் குறை உள்ள மண்ணில் அது வரம். காட்மியம் உள்ள மண்ணில் வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடலாம்.

சரி, ஆட்டுக்கிடை. அறுப்பு முடிந்த புஞ்சையில் மந்தைக்காரரான கீதாரி பட்டி போட்டு, ஆடுகளை இரவில் அடைத்துக் கிடை அமர்த்துவது நமக்குப் புதிதில்லை. கிடையோ, ஏக்கருக்கு ஐந்து டன் தொழுவுரமோ, எது போட்டாலும் மண்ணில் சேரும் மக்கிய பொருள் கேனைவிடப் பல நூறு மடங்கு. நம் வெயிலில் சீக்கிரம் கரைந்துபோகும், ஆகவே வருசாவருசம் போட வேண்டும். அது ஒன்றுதான் குறை. நகரக் குப்பை உரம் மட்டும் ஆய்வறிக்கை பார்த்து வாங்குங்கள்: கிலோவுக்குக் காட்மியம் 5 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரம்பு.

சீமைக் கருவேலக் கரிமூட்டத்தில் மிஞ்சும் கரித்தூள் மலிவாகக் கிடைக்கும், மண்ணில் பல வருசம் அழியாது, ஈயத்தையும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கூடவே வரும் சாம்பல் காரம். புளித்த மண்ணுக்கு அது மருந்து, பி.எச். என்னும் புளிப்பு-கார அளவு 8-ஐத் தாண்டிய நம் மண்ணுக்கு வேண்டாத வேலை. மழைநீரில் அலசி, சலித்து, கிடை எருவோடு கலந்தால் சம்மதம். சுண்ணாம்பும் காரம்தான், அது இங்கே பேச்சுக்கே இல்லை.

இந்த மூன்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது உப்பை. குளோரைடு இருந்தால் காட்மியம் அதோடு சேர்ந்து கரைந்து வேருக்குச் சுலபமாகப் போய்விடும். அதே அளவு காட்மியம் நல்ல மண்ணில் சும்மா கிடக்கும், உவர்நிலத்தில் செடிக்குள் ஏறும். அந்த உவரில் நாமே பொட்டாசியம் குளோரைடான மியூரேட் ஆஃப் பொட்டாஷையும் கொட்டுகிறோம்! குளோரைடு இல்லாத சல்பேட் ஆஃப் பொட்டாஷ் விலை கூடுதல்தான், ஆனாலும் உப்பு வயலுக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஜிப்சம் போட்டு ஐப்பசி மழையில் உப்பை வடியவிடலாம். சுரங்க ஜிப்சமாகக் கேளுங்கள். பாஸ்பாரிக் அமில ஆலைக் கழிவான பாஸ்போஜிப்சத்தில் காட்மியமும் கூட வரக்கூடும்.

திருவாடானைப் பக்க நெல்லுக்கு வேறு கணக்கு. தண்ணீர் கட்டி நிற்கும்வரை காட்மியம் சல்பைடாக அடங்கிக் கிடக்கும். கதிர் வரும் நேரம் வயல் காய்ந்தால் திரும்ப விழித்துக்கொள்ளும். கண்மாயில் தண்ணீர் இருந்தால் பூக்கும் பருவத்தில் நிறுத்தாமல் விடுவதற்கு ஈடாக எந்தக் கேனும் இல்லை. (ஆர்சனிக் என்ற இன்னொரு நஞ்சு இதற்கு நேர் எதிர். நின்ற தண்ணீரில்தான் அது கிளம்பும்.)

குண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தாயிற்று. பழத்தை வத்தலாகக் காயவைக்கும்போது தண்ணீர்தான் போகும், உலோகம் உள்ளேயே தங்கிச் செறிவு கூடும். ஏற்றுமதி நினைப்புள்ளவர்கள் ஒருமுறை காட்மியம், ஈயம் இரண்டையும் பெயர் சொல்லிக் கேட்டு மண்ணைப் பரிசோதிப்பது நல்லது. வழக்கமான மண்வள அட்டையில் அவை வராது.

மச்சானிடம் மிச்சக் கேனை மழைத்தண்ணீரில் கலந்து கத்திரி நாற்றங்காலுக்கு ஊற்றச் சொன்னேன். பாத்தி சின்னது, கொஞ்சம் ஊற்றினாலும் வேரருகே தங்கும். ஆடியில் கிடை அமர்த்தக் கீதாரியிடம் பேசியாயிற்று. இரவுக்கூலி பேரத்தில்தான் இன்னும் இழுபறி.