நடுக்குவாத நோயாளிகளுக்கான காணொளிப் பயிற்சி வகுப்பு: ஒரு குடும்பத்தின் மதிப்பீடு

2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என அறிவித்ததை அடுத்து இயன்முறை சிகிச்சை மையங்கள் மூடப்பட்டபோது, நடுக்குவாதம் எனப்படும் பார்க்கின்சன் நோயுடன் வாழும் என் தந்தையை ஒரு காணொளிப் பயிற்சி வகுப்பில் சேர்த்தோம். வாரத்தில் சில நாட்கள், சிறு குழுவாக, ஓர் இயன்முறை சிகிச்சையாளரும் ஒரு பேச்சுப் பயிற்சியாளரும் சேர்ந்து நடத்தும் வகுப்பு அது. வீட்டைவிட்டு வெளியேற இயலாதவர்கள் இன்றும் இத்தகைய வகுப்புகளைத் தேடுவதால், அதன் நிறைகுறைகளை எழுதுவது பயன்படும் என்று நினைக்கிறேன்.

மூளையில், உடல் அசைவுகளுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் படிப்படியாக அழிவதால் வரும் இந்த நோயில், லெவோடோபா மாத்திரை அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டுகிறது. ஆனால் நடை, உடல் சமநிலை, குரல் ஆகியவற்றை மாத்திரை மட்டும் காப்பாற்றிவிடாது. அவற்றை நாள்தோறும் பயன்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். தனிமை முதலில் பறித்தது இந்தப் பழக்கத்தைத்தான். நடக்கும் தூரம் குறைந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. பேச வேண்டிய தேவை குறைந்ததை யாரும் எளிதில் கவனிக்கவில்லை. அவருக்கு எப்போது என்ன வேண்டும் என்பது வீட்டாருக்குத் தெரியும் என்பதால் ஒரு தலையசைப்பே போதுமானதாக இருந்தது. ஏற்கெனவே தாழ்ந்திருந்த குரல், சில மாதங்களில் பக்கத்து நாற்காலிக்குக்கூட எட்டாத அளவுக்குத் தேய்ந்துபோனது.

வகுப்பின் உடற்பயிற்சிப் பகுதியை மனமாரப் பாராட்டுகிறேன். நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுவது, கைகளை அகல வீசி நீண்ட அடி வைப்பது, தாளத்துக்கு ஏற்ப நின்ற இடத்திலேயே கால் மாற்றுவது என்று ஒவ்வொன்றும் இந்த நோயை அறிந்து அமைக்கப்பட்டவை. வாசலைக் கடக்கும்போது தந்தையின் பாதங்கள் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவதைச் சொன்னதும், கைபேசியை அந்த இடத்துக்கே கொண்டுவரச் சொல்லிப் பார்த்த சிகிச்சையாளர், ஓரடி இடைவெளியில் பளிச்சென்ற நிறத்தில் நாடாக்களைக் குறுக்காக ஒட்டச் சொன்னார். கோட்டைத் தாண்டுவதற்கென்று காலைத் தூக்கியபோது, நின்றுபோன நடை மீண்டும் தொடங்கியது. வெறும் தரையில் எழாத கால், கண்ணெதிரே ஒரு குறி இருந்தால் எழுகிறது என்பது இந்நோயில் நன்கு அறியப்பட்ட ஒன்று. ஆனால் மையத்தின் சமதளக் கூடத்தில் பயிற்சி பெற்றிருந்தால், எங்கள் வாசலின் சிக்கல் எவர் கண்ணிலும் பட்டிருக்காது.

குரல் பயிற்சியில் தொழில்நுட்பம் காலை வாரியது. உரக்கப் பேசுபவரின் முகத்தைப் பெரிதாகக் காட்டும் வகையில் அந்தச் செயலி அமைந்திருந்ததால், மெல்லிய குரல் கொண்டவர்கள் ஓரத்துச் சிறு கட்டத்துக்குள்ளேயே கிடந்தார்கள். இரைச்சலை நீக்கும் வசதியோ அவர்களுடைய குரலையும் இரைச்சலோடு சேர்த்து விழுங்கியது. முகபாவமும் குறைந்துவிடும் நோய் இது என்பதால், ஒருவர் பேச முயல்வதே பிறருக்குத் தெரியாமல் போனது. பயிற்சியாளர் பின்னர் மற்றவர்களின் ஒலியை நிறுத்திவிட்டு, ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, பதில் வரும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். அந்தப் பொறுமைக்காகவே இந்த வகுப்பைப் பிறருக்குப் பரிந்துரைப்பேன்.

நேர ஒதுக்கீடு தொடக்கத்தில் சரியில்லை. மாத்திரையின் பலன் வடிந்து உடல் இறுகும் வேளையில் வகுப்பு வைத்தால் எந்தப் பயிற்சியும் கைகூடாது. பல குடும்பங்கள் கேட்டுக்கொண்ட பிறகே காலை வகுப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். சேர்க்கையின்போதே மருந்து நேரத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

பயிற்சி தொடங்குவதற்கு முன் விடப்பட்ட சில நிமிட உரையாடலை நிர்வாகம் ஒரு சேவையாகவே கருதவில்லை. எங்களுக்கோ அதுதான் முதன்மையானது. மாத்திரை தாமதமானால் என்ன ஆகும், இரவில் படுக்கையில் புரள எப்படிச் சமாளிப்பது என்றெல்லாம் வீட்டாரிடம் சொல்லத் தயங்கியவற்றைத் தந்தை அங்கே சொன்னார். கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

எனக்கு உடன்பாடில்லாத விதி ஒன்று உண்டு. விழும் ஆபத்தைக் கருதி, பயிற்சி நேரத்தில் அருகில் ஒரு துணை இருந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். காரணம் நியாயமானதுதான் என்றாலும், தனியாக வாழ்பவர்கள், அதாவது இந்த வகுப்பு மற்றெவரையும்விடத் தேவைப்பட்டவர்கள், வாயிலிலேயே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அமர்ந்தபடி செய்யும் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் மட்டும் கொண்ட ஒரு வகுப்பை அவர்களுக்காகத் தொடங்க என்ன தடை? பொதுமுடக்கம் தளர்ந்ததும் வகுப்புகளைக் குறைத்ததும் இதே போன்ற கவனக்குறைவுதான். இத்தகைய வகுப்புகள் உதவக்கூடிய மற்றொரு நரம்பு மண்டல நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்காக எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்களில் பலருக்குத் தடுப்பூசியின் பலன் குறைவாகவே கிடைத்ததால், ஊர் முழுக்க வெளியே நடமாடத் தொடங்கிய பின்னும் அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள்.

சேர விரும்புவோர், நரம்பியல் மருத்துவரை நேரில் கண்ட பிறகு சேருங்கள். தசை இறுக்கத்தைக் கையால் அசைத்துப் பார்த்தும், சமநிலையைப் பின்னிருந்து தோளை இழுத்துப் பார்த்தும்தான் அறிய முடியும். திரை வழியே அவை இரண்டும் இயலாது. கைபேசியைவிட அகலத் திரையும், தலை முதல் பாதம் வரை தெரியும்படி கேமராவை வைக்க இடமும் இருந்தால், சிகிச்சையாளரால் அடிவைப்பைச் சரியாகத் திருத்த முடியும்.