பற்றவைத்த நகையைச் சுத்தம் செய்ய: திராவகமா, குளத்துப் பொடியா, சிட்ரிக்கா?

பொடி (துண்டுகளை ஒட்ட உருக்கும் உலோகக் கலவை) வைத்துப் பற்றவைத்த வெள்ளியை முதல்முறை பார்ப்பவர்கள் பயந்துபோகிறார்கள். பளிச்சென்று இருந்த துண்டு கறுத்துப்போய், இணைப்பைச் சுற்றி, பற்றவைக்கப் பூசிய வெண்காரம் (போராக்ஸ்) உருகிக் கண்ணாடியாக இறுகிக் கிடக்கும். அந்தக் கறுப்புக்குக் காரணம் வெள்ளியோடு கலந்திருக்கும் செம்பு. 925 வெள்ளியில் பெரும்பாலும் மீதி 7.5 விழுக்காடு செம்புதான், அது சூட்டில் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகிறது. தேய்த்துப் போக்கப் பார்த்தால் கைதான் வலிக்கும், அமிலத்தில் போட்டால்தான் விடும். எந்த அமிலம்? கோலாலம்பூரில் அடுக்குமாடி பால்கனியில் மேசை போட்டு வேலை செய்கிற நம்மைப் போன்றவர்கள் யோசித்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது.

பழைய பட்டறைகளில் கந்தகத் திராவகம்தான். பத்தில் ஒரு பங்கு திராவகம் கலந்த தண்ணீரே போதும், வேலை சீக்கிரம் முடியும். ஆனால் திராவகத்தைத்தான் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பக்கத்தில் உள்ள கருவிகளும் துருப்பிடிக்கும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் இதை வைத்திருக்கவே கூடாது என்பேன்.

அடுத்தது சோடியம் பைசல்பேட். நீச்சல் குளத்துத் தண்ணீரின் பிஎச் அளவைக் குறைக்கப் போடும் பொடி இதுதான். சூடான தண்ணீரில் கரைத்தால் சில நிமிடங்களில் வெள்ளி வெளுத்துவிடும், வேகத்தில் திராவகத்துக்கு ரொம்பப் பின்தங்கவில்லை. வாங்கும்போது பொட்டலத்தில் எழுதியிருப்பதைக் கட்டாயம் படியுங்கள், ஏனென்றால் குளத்துக்குப் போடும் குளோரின் பொடியும் அதே அலமாரியில்தான் இருக்கும், அது அமிலத்தோடு சேர்ந்தால் நச்சு வாயு கிளம்பும். சட்டையில் ஒரு சொட்டுப் பட்டாலும் உடனே அலசுங்கள், இல்லாவிட்டால் அடுத்த சலவையில் அந்த இடம் ஓட்டையாகியிருக்கும்.

நான் வீட்டுக்குச் சொல்வது சிட்ரிக் அமிலம். கேக் செய்யும் பொருள் விற்கும் கடையிலேயே கிடைக்கிறது. ஒரு பங்கு பொடிக்கு எட்டுப் பங்கு வெந்நீர், பழைய ஸ்லோ குக்கரில் குறைந்த சூடு, அவ்வளவுதான் (அந்தக் குக்கரை அப்புறம் சமையலுக்கு எடுக்கவே கூடாது). நெடி குறைவு. நேரம் கூடுதலாகும், கனமான துண்டென்றால் அரை மணி நேரம்கூட ஆகலாம், நம் ஊர் வெக்கையில் கரைசலை அப்படியே விட்டுவைத்தால் பூஞ்சை பிடிக்கும். ஆனாலும் தீபாவளிக்கு நூறு தோடு முடித்துக் கொடுக்க வேண்டிய பட்டறைக்குத்தான் அந்த அரை மணி நேரம் பெரிய விஷயம். வீட்டில் நாலு மோதிரம் செய்பவருக்கு இல்லை.

வினிகரும் உப்பும் செம்புக்குச் சரிப்படும், வெள்ளிக்கு இழுத்தடிக்கும், வீடெல்லாம் வாசம். மளிகைக் கடையில் படிக்காரம் என்றோ தவாஸ் என்றோ கேட்டு வாங்கி வெந்நீரில் கரைத்தாலும் வேலை நடக்கும், அதுவும் மெதுவாகத்தான்.

எதை எடுத்தாலும் இரும்பு இடுக்கியை உள்ளே விடாதீர்கள். நாலைந்து முறை பயன்படுத்திய கரைசல் நீலமாக மாறியிருக்கும், அது கரைந்த செம்பு. இரும்பு பட்டதும் அந்தச் செம்பு வெளியே வந்து வெள்ளியின்மேல் இளஞ்சிவப்புப் படலமாகப் படிந்துவிடும். செம்பு இடுக்கியோ பிளாஸ்டிக்கோ போதும். பழுக்கச் சூடான துண்டை நேராக அமிலத்தில் போடுவதும் வேண்டாம், முதலில் தண்ணீரில் ஆறட்டும். முத்தும் பவளமும் சுண்ணாம்புச் சத்து, அமிலத்தில் கரைந்துபோகும், ஆகவே கல் பதிப்பதை எல்லாம் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரானிக்ஸ் ஈயப் பற்றால் ஒட்டிய ஃபேன்சி நகைக்கு இந்த அமிலம் எதுவுமே வேண்டாம், ஒட்டும்போது படிந்த பிசினை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்தால் போகும்.

வெளியே எடுத்ததும் சோடா மாவு கரைத்த தண்ணீரில் அலசுங்கள். உள்ளே குழலாக இருக்கும் நகையென்றால் அந்தத் தண்ணீரிலேயே கொதிக்கவிடுங்கள், ஊசித் துளைக்குள் தங்கிய அமிலம் பிறகு கசிந்து வந்து பச்சைக் கறை போடும். நீலத் தண்ணீரைச் சோடா மாவு போட்டு நுரை அடங்கும்வரை சமன்படுத்தினாலும் செம்பு அதில் இருக்கத்தான் செய்கிறது, அது மீனுக்கு விஷம். லோங்காங்கில் ஊற்றாமல் மூடியுள்ள டப்பாவில் சேர்த்து வைத்து, ரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.