‘ஆயுள்காலப் பாதுகாப்பு’ என்றதும் பழைய மேக்கைக் கொடுத்துவிடாதீர்கள்

வீட்டில் பழைய ஐமேக் இருந்து, அதில் அப்பாவோ மாமாவோ திருத்தி வைத்த படங்கள் கிடந்தால், இதைப் படித்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். ஆப்பிளின் பழைய படத்திருத்த மென்பொருளான அப்பர்ச்சரில் வேலை செய்தவர்கள் என்றால் கட்டாயம் படியுங்கள்.

கடை சிங்கப்பூரில், தேக்கா பக்கம். பெயர் போடவில்லை, விவகாரம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. கண்ணாடிக் கதவில் “உங்கள் புகைப்படங்களுக்கு ஆயுள்காலப் பாதுகாப்பு” என்று பெரிதாக ஒட்டியிருந்தார்கள். 680 வெள்ளிக்கு எல்லாப் படங்களையும் திருத்தங்களோடு எடுத்து, இரண்டு டிஸ்க்கில் தனித்தனியாகப் போட்டு, ஒவ்வொரு கோப்பையும் சரிபார்த்துச் சான்றிதழும் தருவார்களாம். பழைய கணினியை அங்கேயே விட்டுவிட்டால் 80 வெள்ளி கழிவு. ஐமேக்கின் திரையில் ஏற்கெனவே கோடு விழுந்திருந்தது. அதைத் திரும்பத் தூக்கிவர வேண்டாம் என்று அப்பாவும் சரி என்றார்.

அப்பா வேலைக்குப் போன காலத்திலேயே கேனன் 550டி கேமரா வாங்கியவர். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடிகளோடு நடந்து படம் எடுப்பார். ராத்திரிப் படங்களில் தெருவிளக்கின் மஞ்சள் எல்லார் முகத்திலும் அப்பிக் கிடக்கும். அதை நீக்கி, வேல் வெள்ளையாகவும் தோல் தோல் நிறமாகவும் தெரியும் வரை ஒரே படத்தோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் படங்களும் அப்படித்தான். எல்லாமே அப்பர்ச்சரில் செய்தது. ஆப்பிள் அந்த மென்பொருளை நிறுத்தப்போவதாக 2014இல் அறிவித்தது. 2015இல் விற்பனையிலிருந்தும் எடுத்துவிட்டது. மேக்கின் மோஹாவி பதிப்பு வரைதான் அது ஓடும், 2019இல் வந்த கேட்டலினாவில் திறக்காது. அப்பா ஐமேக்கைப் புதுப்பிக்காமலே வைத்திருந்ததற்கு இதுதான் காரணம். கடையிலும் இதைத் தெளிவாகச் சொன்னார். “அதெல்லாம் பாத்துக்கலாம் அங்கிள், நாங்க செய்யாத மேக்கா” என்றார் கவுண்டரில் இருந்தவர்.

இரண்டு டிஸ்க்கும் ஒரே பையில் வந்தன. கூடவே லேமினேட் செய்த சான்றிதழ்: “100 விழுக்காடு சரிபார்க்கப்பட்டது”. முதல் டிஸ்க்கில் ‘ஒரிஜினல்’, ‘எடிட்டட்’ என்று இரண்டு ஃபோல்டர்கள். திறந்து பார்த்தால் படங்கள் வரிசையாக இருந்தன, நிறமும் அப்பா செய்தபடியே இருந்தது. அலமாரியில் வைத்துப் பத்து வருஷம் தொடாமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று அறிவுரை வேறு. (இது தப்பு. மின்சாரமே காட்டாமல் வருஷக்கணக்கில் வைத்தால் எஸ்எஸ்டி, அதாவது சிப்பில் சேமிக்கும் டிஸ்க், தகவலை இழக்கக்கூடும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கையும் அவ்வப்போது ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.)

அத்தையின் அறுபதாம் பிறந்தநாளுக்கு, அவரும் காலமான பாட்டியும் சேர்ந்து நிற்கும் படத்தை 20க்கு 30 அங்குலத்தில் போடலாம் என்று அச்சுக்கடைக்குப் போனபோதுதான் குட்டு உடைந்தது. “இந்த ஃபைல் ரொம்பச் சின்னதா இருக்கே அக்கா” என்றார் அங்கே இருந்த தம்பி. பார்த்தால் 1440க்கு 960 பிக்சல். அந்தக் கேமரா எடுப்பதோ 5184க்கு 3456. முப்பது அங்குலத்துக்கு இழுத்தால் ஓர் அங்குலத்துக்கு 48 பிக்சல்தான் வரும். பாட்டியின் மூக்குத்தி ஒரு கலங்கிய புள்ளியாகத் தெரிந்தது.

கடைக்காரர் என்ன செய்திருக்கிறார் என்று மாமா பையன் பார்த்துச் சொன்னான். அப்பர்ச்சரில் ஒரு படத்தைத் திருத்தினால் மூலக் கோப்பு அப்படியே இருக்கும். வெளிச்சம் இவ்வளவு, நிறம் இவ்வளவு என்ற குறிப்புகள் மட்டும் லைப்ரரிக்குள் தனியாகச் சேரும். அந்த லைப்ரரி வெளியிலிருந்து பார்க்க ஒரே கோப்பு மாதிரி இருக்கும். உள்ளே போனால் ‘மாஸ்டர்ஸ்’ ஃபோல்டரில் மூலப் படங்கள், ‘பிரிவியூஸ்’ ஃபோல்டரில் திரையில் வேகமாகக் காட்டுவதற்கான சின்ன ஜேபெக்குகள், ‘டேட்டாபேஸ்’ ஃபோல்டரில் திருத்தங்களின் விவரம். நம் ஆள் அப்பர்ச்சரைத் திறக்கவே இல்லை. மாஸ்டர்ஸை இழுத்து ‘ஒரிஜினல்’ என்று பெயர் வைத்தார், பிரிவியூஸை இழுத்து ‘எடிட்டட்’ என்று வைத்தார். டேட்டாபேஸை விட்டுவிட்டார். அப்புறம் ஐமேக்கைத் துடைத்து விற்றுவிட்டார்.

லைப்ரரியை முழுதாக ஒரே இழுப்பில் நகலெடுத்திருந்தால்கூட, மோஹாவி ஓடும் ஒரு பழைய மேக்கைத் தேடிப்பிடித்து எல்லாவற்றையும் மீட்டிருக்கலாம். அதற்குக் கூடுதல் வேலையே இல்லை. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது டிஸ்க் இதைவிட மோசம். மேலே 2 டிபி என்று அச்சிட்டிருந்த எஸ்எஸ்டி. படங்கள் மொத்தம் ஏறத்தாழ 500 ஜிபி. கோப்புகளின் பெயர் இருக்கிறது, அளவும் சரியாகக் காட்டுகிறது, திறந்தால் சாம்பல் நிறம். இரண்டு டிஸ்க்கிலும் உள்ள கோப்புகளின் செக்சம்மை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒப்பிட்டுப் பார்த்தோம். முதல் 60 ஜிபி அளவுக்குப் பொருந்தியது, அதற்கு மேல் எதுவும் பொருந்தவில்லை. கொள்ளளவைக் கூட்டிச் சொல்லும்படி மாற்றிவைத்த போலிச் சரக்கு. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெரிய டிஸ்க்குகளில் இந்த ஏமாற்று சகஜம். புது டிஸ்க் வாங்கினால், காலியாக இருக்கும்போதே விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கில் எஃப்3 ஓட்டிப் பாருங்கள். முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும், ராத்திரி விட்டுவிட்டுத் தூங்கலாம். இரண்டுமே இலவசம்.

ஒரு கோப்பைக்கூடப் படித்துப் பார்க்காமல்தான் அந்தச் சான்றிதழைக் கொடுத்திருக்கிறார்கள். கேட்கப் போனோம்.

“எடிட் பண்ணதெல்லாம் எடிட்டட் ஃபோல்டர்லதானே அக்கா இருக்கு? தொறந்து பாருங்க, கலர் மாறியிருக்கும்.”

“சைஸ் ஏன் இவ்ளோ சின்னது?”

“சைஸு உங்கப்பா செட் பண்ணி வச்சதுதான். நாங்க ஒன்னும் கொறைக்கல.”

இதில் விஷயம் என்னவென்றால், அவர் சொன்னது ஒரு விதத்தில் உண்மை. பிரிவியூ அளவைக் குறைத்து வைத்தவர் அப்பாதான், இடம் மிச்சம் பிடிக்க. ஆனால் பிரிவியூவை விற்கச் சொன்னது யார்? போலி டிஸ்க் பற்றிக் கேட்டதும் “சப்ளையர் குடுத்தது” என்று முடித்துக்கொண்டார். ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்: தகவல் இழப்புக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. அப்படி எழுதிவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சிங்கப்பூரில் நியாயமற்ற ஒப்பந்த விதிகளுக்கான சட்டம் இருக்கிறது, இந்த மாதிரி வரி நியாயமானதா என்று அதன்படி கேள்வி கேட்கலாம்.

ரசீதில் “போட்டோ டிரான்ஸ்ஃபர், 1 லாட்” என்று மட்டும்தான் இருந்தது. என்னென்ன செய்வார்கள் என்ற பேச்செல்லாம் வாட்ஸ்அப்பில் நடந்தது. கடையின் வாட்ஸ்அப்பில் செய்திகள் ஏழு நாளில் தானாக மறையும்படி வைத்திருக்கிறார்கள்! கதவில் இருந்த விளம்பரத்தைத் தங்கைக்கு அனுப்புவதற்காகப் படம் எடுத்திருந்தேன், அதுதான் இப்போது எங்களிடம் உள்ள ஆதாரம். நீங்கள் யாரிடம் வேலை கொடுத்தாலும், என்ன செய்வார்கள் என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள்: திருத்திய படங்கள் முழு அளவில், எந்த வடிவத்தில், லைப்ரரி முழுதாக, செக்சம் பட்டியலோடு.

வடிவம் என்றதும் ஒன்று. தரம் குறையாமல் சேமிக்கும் 16 பிட் டிஃப் கோப்பாக எடுத்தால் அந்தக் கேமராவின் ஒரு படமே 100 எம்பியைத் தாண்டும். எல்லாப் படத்துக்கும் அது வேண்டியதில்லை. முக்கியமானவற்றுக்கு டிஃப், மற்றவற்றுக்கு முழு அளவில், தரம் குறைக்காத ஜேபெக் போதும். அடோபியின் படத்திருத்த மென்பொருளான லைட்ரூம் வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான்: திருத்தங்கள் கேட்டலாக் கோப்பில் இருக்கும், படங்களை மட்டும் நகலெடுத்தால் அவை வராது. ஆப்பிள் போட்டோஸில் ‘அன்மாடிஃபைடு ஒரிஜினல்’ என்று எக்ஸ்போர்ட் செய்தாலும் திருத்தம் போய்விடும். மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்று பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் சொன்ன கணக்கு ஒன்று உண்டு. அதெல்லாம் நகலுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் உதவும். மீதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால், கடையிலேயே பத்துப் படத்தை 100 விழுக்காட்டில் பெரிதாக்கிப் பாருங்கள். பழைய கணினியை மட்டும் எவ்வளவு கழிவு கொடுத்தாலும் அன்றைக்கே விட்டுவிட்டு வராதீர்கள்.

பயனீட்டாளர் சங்கத்தில் பேசினோம், பிறகு ஸ்மால் கிளெய்ம்ஸ் மன்றத்தில் பதிந்திருக்கிறோம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அங்கே கொண்டுபோகலாம், இரண்டு வருஷத்துக்குள் பதிய வேண்டும், வழக்கறிஞர் வைக்க முடியாது. 5,000 வெள்ளிக்கு உட்பட்டதற்குப் பயனீட்டாளர் கட்ட வேண்டியது 10 வெள்ளிதான். பதிந்தது தெரிந்ததும் 400 வெள்ளி தருவதாகக் கடையிலிருந்து போன் வந்தது. அப்பா வேண்டாம் என்றுவிட்டார். அவர் கேட்பது முழுப் பணத்தையும், ஐமேக் யார் கைக்குப் போனது என்ற விவரத்தையும். துடைத்தோம் என்று சொல்கிறார்களே தவிர, எதை வைத்துத் துடைத்தார்கள் என்று இன்னும் சொல்லவில்லை. சும்மா ஃபார்மேட் மட்டும் செய்திருந்தால், அந்த டிஸ்க்கில் டேட்டாபேஸ் இன்னும் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கலாம்.