பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பெயர்த் தேர்வு நிலையம்

பேரன் ரோகிணியில் பிறந்ததால், ஓ, வ, வி, வு என்ற எழுத்துகளில் பெயர் தேடி, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலைக்கு அருகில் ஒரு மாடியில் இயங்கும் பெயர்த் தேர்வு நிலையத்திற்குச் சென்றோம். கட்டணம் 80 வெள்ளி (ரிங்கிட்). மரியாதையாகப் பேசினார்கள், அதில் குறையில்லை.

கொடுத்த பட்டியலில் விஹான், வியான், விவான் என்று ஓசையில் அண்ணன் தம்பிகளாகவே பெயர்கள் நின்றன. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிய என் தாத்தா வீரப்பன். 1916இல் மறைமலையடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்தின் மேல் பற்றுக்கொண்ட என் தந்தை எனக்கு வைத்தது வெற்றிச்செல்வன். என் மகனோ, அவன் வகுப்பில் இன்னும் இருவரைப் போல, விக்னேஷ். இம்மூன்றில் ஒன்றுகூட இல்லையே என்று கேட்டதற்கு, "இப்போது யாரும் கேட்பதில்லை, ஐயா" என்றார் அங்கிருந்த பெண்மணி. மறுக்க முடியவில்லை.

என் மனக்குறை எண் சோதிடத்தில்தான். விஹானுக்கு ரோமன் எழுத்தில் கூடுதலாக இரண்டு 'ஏ' சேர்க்கச் சொன்னார்கள். மலேசியாவில் பிறப்புப் பத்திரம் முதல் அடையாள அட்டைவரை ரோமன் எழுத்திலேயே பெயர் பதிவாவதால், அந்தச் சுமையைப் பிள்ளைதான் காலமெல்லாம் தூக்க வேண்டும். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் 'லெட்சுமி'யாகிப்போன என் அக்காள், இன்றும் கவுண்டர்தோறும் எழுத்துக்கூட்டிச் சொல்கிறார்.

பட்டியலின் கடைசிக்கு முந்திய வரியில் இருந்த 'விமலன்' மருமகளுக்கும் எனக்கும் ஒருசேரப் பிடித்தது. கூடுதல் எழுத்து எதுவுமின்றி அதையே பதிந்தோம்.