கெட்ட முகவரியைத் தொட்ட நிரல்: பிடித்து ஓட்டுவதா, விழ விடுவதா?

ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையின் எடைமேடைக்கு நான் எழுதிய சி++ நிரல் இரண்டு சீசன் நிற்காமல் ஓடியது. தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியை நிரல் தொட்டால் செக்மென்டேஷன் ஃபால்ட் வரும்; வழக்கமாக நிரல் அங்கேயே சாகும். இங்கே, ஃபால்ட் வந்தால் ஓடுவதற்கென்று நான் வைத்த சிக்னல் ஹேண்ட்லர் அதைப் பிடித்து, லாங்ஜம்ப் போட்டு (நடுவிலிருப்பதை விட்டுவிட்டு நேரே தாவி), நிரலின் முதல் வரிக்கே திருப்பி அனுப்பிவிடும். அப்படித்தான் எழுதியிருந்தேன்.

ஒருநாள் கருமந்துறையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த பெரியவர் சீட்டோடு நின்றார். "தம்பி, மெஷின்ல 27 பாயிண்ட் காட்டுச்சு. சீட்டுல எப்படி 21 ஆச்சு?" கிழங்குக்கு விலையே மாவுச்சத்துப் பாயிண்டை வைத்துத்தான். தேடிப் பார்த்தேன். லாரியோடு சேர்ந்த எடை 21,460 கிலோ. எடைக்கருவி அனுப்பிய இரண்டு வரிகள் ஒட்டிக்கொண்டு, எடைக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி வழிந்து, பாயிண்ட் இருந்த இடத்தில் 21 என்று விழுந்திருந்தது. அதற்கு அடுத்திருந்த சுட்டியும் (இன்னோர் இடத்தின் முகவரியை வைத்திருக்கும் பாயிண்டர்) அழிந்தது. ஃபால்ட் அந்தச் சுட்டியைத் தொட்டபோதுதான் வந்தது. நினைவகம் கெட்டதோ அதற்கு முன்பே. ஹேண்ட்லர் ஃபால்ட்டை விழுங்கியது, கெட்ட பதிவு சீட்டாக அச்சாகி வந்தது.

சி, சி++ இரண்டிலும் இதைப் பிடிக்க வழிகள் இருக்கின்றன. விண்டோஸில் ஸ்ட்ரக்சர்டு எக்ஸெப்ஷன் ஹேண்ட்லிங், ஜிசிசி கம்பைலரில் 'நான்-கால்-எக்ஸெப்ஷன்ஸ்' விருப்பம். எதைக் கொண்டு பிடித்தாலும், ஃபால்ட்டுக்கு முன் என்னென்ன அழிந்தது என்று சொல்ல ஆளில்லை. நினைவகம் ஒதுக்கித் தரும் மல்லாக், வேறு யாரும் குறுக்கிடாமல் இருக்கத் தன் பூட்டைப் போட்டு வைத்திருக்கும் நேரத்தில் ஃபால்ட் வந்து லாங்ஜம்ப் செய்தால், அந்தப் பூட்டு திறக்காது. அடுத்த மல்லாக் அங்கேயே உறைந்துவிடும். ஒரே ஒரு இடத்தில் பிடிப்பதை ஒப்புக்கொள்வேன்: நினைவகத்தில் மேப் செய்த (நினைவகம் போலவே படிக்கும்) கோப்பு, படிக்கும்போது டிஸ்க் கோளாறு. அங்கே கெட்டது நம் நினைவகம் இல்லை.

ஜாவா செய்வதும் மேலோட்டமாக இதேதான். ஜாவாவை ஓட்டும் ஹாட்ஸ்பாட், ஒவ்வொரு சுட்டியையும் 'நல்' (எதையும் காட்டாத வெற்றுச் சுட்டி) தானா என்று சோதித்துக்கொண்டிருப்பதில்லை. பெரும்பாலான இடங்களில் வன்பொருளே ஃபால்ட் எழுப்பட்டும் என்று விட்டு, அதை நல்-பாயிண்டர் எக்ஸெப்ஷனாக (நிரலே பிடித்துச் சமாளிக்கக்கூடிய பிழையாக) மாற்றிக் கொடுக்கிறது. ஆனால் எந்தக் கட்டளையில் அது வரலாம் என்று கம்பைலர் முன்பே குறித்து வைத்திருக்கிறது. வரிசையின் (அர்ரே) எல்லையைத் தாண்டி எழுத மொழியே விடாது. ஆகவே அங்கே பிடிப்பது நியாயம். குறிக்காத இடத்தில், சி போன்ற மொழியில் எழுதிச் சேர்த்த நேட்டிவ் நூலகத்துக்குள் ஃபால்ட் வந்தால், பிழைக் கோப்பு ஒன்றை எழுதிவிட்டு ஜாவாவும் செத்துப்போகிறது.

எதைப் பிடிக்கலாம், எதை விழ விடலாம் என்ற எல்லைக்கோட்டைக் கோ (Go) மொழி எண்ணாகவே போட்டிருக்கிறது. தொட்ட முகவரி 4096-க்குக் கீழே என்றால் நல் சுட்டி என்று கொண்டு 'பேனிக்' என்ற பிழையை எழுப்பும்; 'ரெக்கவர்' என்ற கட்டளையால் அதிலிருந்து மீளலாம். அதற்கு மேலே என்றால், நாமே கேட்டு வாங்கினாலொழிய, நிரல் முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்த முடிவு இது.

ரஸ்ட் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கம்பைலரிடமே தீர்த்துவிடுகிறது: 'அன்சேஃப்' என்று குறித்து, கம்பைலரின் காவலைத் தளர்த்திய பகுதிக்கு வெளியே இப்படிச் சுட்டி அழிய வழியில்லை, எல்லை தாண்டினால் பேனிக். புதிதாகத் தொடங்குபவர் இதை எடுக்கலாம். என் கையில் இருந்தது ஓடிக்கொண்டிருக்கும் ஆலை.

ஹேண்ட்லரை எடுத்துவிட்டேன். கருவி அனுப்பும் வரியின் நீளத்தைச் சோதிக்கும் நிரல் வரிகள் வந்தன. எடை படிப்பது சி++-இல் தனி நிரல், சீட்டுப் போடுவது கோ மொழியில் தனி நிரல். முதலாவது விழுந்தால் கோர் கோப்பை (சாகும்போதைய நினைவகத்தின் நகலை) விட்டுச் சாகும், லினக்ஸில் நிரல்களைக் கவனிக்கும் சிஸ்டம்டி அதை மறுபடி எழுப்பும், பாதியில் நின்ற எடை செல்லாது. லாரியை மறுபடி மேடையில் ஏற்றச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிரைவர்கள் சத்தம் போடுகிறார்கள். போட்டாலும் சரி, அந்தச் சீட்டு வெளியே போகாது.